ஆக்சிஜனே இல்லாத வினையில் ஆக்சிஜனேற்றமா?

கேள்வி: முனிர்க்கா, டில்லி

மகள் பதினொன்றாம் வகுப்பு. நான் பாளையங்கோட்டையில் தமிழ் வழியில் படித்தவள். ஆக்சிஜன் சேர்ந்தால் ஏற்றம், போனால் ஒடுக்கம் என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நேற்று ராத்திரி ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆகிற வினையைக் காட்டி, "இதுல ஆக்சிஜனே காணோமேம்மா?" என்கிறாள். மூன்றுமே வாயு. கரைசல் என்றால் அயனியைப் பார்த்துச் சொல்லிவிடுவேன், இங்கே எதைப் பார்ப்பது? வியாழக்கிழமை பரீட்சை.

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், மயூர் விஹார்

நீங்கள் சொன்னது தப்பில்லை அம்மா, பதினெட்டாம் நூற்றாண்டு வேதியியலாளர் லவாய்சியர் காலத்துப் பொருள் அது. பிறகு எலக்ட்ரானை இழப்பது ஏற்றம், பெறுவது ஒடுக்கம் என்று பொருள் விரிந்தது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. தமிழில் அந்தப் பெயருக்குள்ளேயே ஆக்சிஜன் உட்கார்ந்திருப்பதால் நம் பிள்ளைகள் அதைத்தான் தேடுவார்கள். முப்பது வருஷம் வகுப்பில் பார்த்தது இது.

வாயுவா கரைசலா என்பதை விடுங்கள். ஆக்சிஜனேற்ற எண் போடச் சொல்லுங்கள். தனித்த தனிமம் எதுவானாலும் 0. சேர்ந்த பிறகு ஹைட்ரஜன் +1, குளோரின் −1. எண் கூடிய ஹைட்ரஜன் ஆக்சிஜனேற்றம் அடைந்தது, குறைந்த குளோரின் ஒடுங்கியது.

ஒன்று முக்கியம்: இங்கே எலக்ட்ரான் முழுசாகக் கைமாறவில்லை. இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. குளோரினுக்கு இழுப்பு அதிகம். இந்த இழுப்பை அளக்கும் பாலிங் அளவில் 3.16, ஹைட்ரஜனுக்கு 2.20. அதனால் அந்த ஜோடி குளோரினுக்கே சொந்தம் என்று வைத்துப் போடுகிற கணக்குதான் இந்த எண்.

பதில்: கார் பட்டறை, கரோல் பாக்

அக்கா, பாப்பாவுக்குப் புகைக்குழாய் கணக்கைக் கொடுங்க. 1995ல டில்லியில புது பெட்ரோல் காருக்கு, புகையில இருக்குற நச்சு வாயுவை மாத்துற வினையூக்கி மாற்றி (catalytic converter) கட்டாயமாச்சு. ஈயம் பட்டா அது கெட்டுப்போகும், அதனாலதான் கூடவே ஈயமில்லா பெட்ரோலும் வந்துச்சு. அந்த மாற்றிக்குள்ள ரோடியம்ங்கிற உலோகத்து மேல நைட்ரிக் ஆக்சைடு இரண்டும் கார்பன் மோனாக்சைடு இரண்டும் சேர்ந்து, ஒரு நைட்ரஜனும் இரண்டு கார்பன் டை ஆக்சைடும் ஆகும். எல்லாம் வாயுதான்.

முனிர்க்கா:

போட்டுவிட்டாள்! நைட்ரஜன் +2லிருந்து 0, கார்பன் +2லிருந்து +4. ஆக்சிஜன் எங்கேயும் −2தான், அது மாறவே இல்லை. இரண்டு பக்கமும் நாலு எலக்ட்ரான், கணக்கு சரியாக வருகிறது. ஆக்சிஜனேற்றி, அதாவது மற்றதை ஆக்சிஜனேற்றம் செய்வது, நைட்ரஜன் என்று எழுதியிருக்கிறாள், சரியா சார்?

மயூர் விஹார்:

எண் எல்லாம் சரி. ஆனால் ஒடுங்குவது நைட்ரஜன் அணு, ஆக்சிஜனேற்றி என்பது நைட்ரிக் ஆக்சைடு என்ற முழுப் பொருள். "நைட்ரஜன்" என்று மட்டும் எழுதினால் விளைபொருளாக வரும் நைட்ரஜன் வாயுவோடு குழம்பும், மார்க் போய்விடும். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.