கதிரின் பி-17க்கு என்ன பெயிண்ட்?

செல்வி: அண்ணா, கதிர் பி-17 குண்டுவீச்சு விமான மாடலை ஒட்டி முடித்துவிட்டான். பெட்டியில் இருப்பது போலப் பச்சை பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்கிறான்.

முருகேசன்: அழகாக ஒட்டியிருக்கிறான்! பெயிண்ட் நாளைக்கு அடிக்கட்டும். முதலில் ஒரு விமானத்தின் கதையைக் கேட்கட்டும்.

முருகேசன்: ‘ஷூ ஷூ பேபி’ என்று ஒரு பி-17. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக இங்கிலாந்திலிருந்து பறந்தது. 1944 மே 29 அன்று போலந்தின் போஸ்னான் மீது குண்டு வீசப் போனபோது எஞ்சின் பழுதாகி, போரில் சேராத ஸ்வீடனில், மால்மோவில் இறங்கியது. அதற்குப் போர் அத்துடன் சரி.

கதிர்: அப்புறம் உடைத்துவிட்டார்களா மாமா?

முருகேசன்: இல்லைடா. அப்படி ஸ்வீடனில் வந்து இறங்கிய பி-17களில் சிலவற்றை அமெரிக்கா ஸ்வீடனுக்கே கொடுத்தது. விமானம் தயாரிக்கும் ஸ்வீடனின் சாப் நிறுவனம் அவற்றைப் பயணிகள் விமானமாக மாற்றியது. 14 இருக்கை. குண்டு அடுக்கிய அறையில் சரக்கு.

லதா சித்தி: குண்டு வைத்த இடத்திலா! நம்பி ஏறினார்களா?

முருகேசன்: ஏறினார்கள் லதா. புது விமானம் கிடைக்காத காலம். ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1945 ஜூனில் இப்படி மாற்றிய ஒரு பி-17 ஸ்டாக்ஹோமிலிருந்து நியூயார்க்குக்கே போனது.

கதிர்: ஷூ ஷூ பேபியும் போனதா?

முருகேசன்: அது டென்மார்க்குக்குப் போய்ப் பயணிகளை ஏற்றியது. பிறகு டேனிஷ் படை அதை வைத்துக் கிரீன்லாந்தைப் படமெடுத்தது. அதன் பின் பிரான்ஸின் நில வரைபட நிறுவனம் வாங்கியது. உயரே ஏறும், நெடுநேரம் நிற்காமல் பறக்கும். குண்டு வீசத் தேவைப்பட்ட அந்தக் குணமே வரைபடக் கேமராவுக்கும் தோதாக அமைந்தது.

லதா சித்தி: இப்போது இருக்கிறதா?

முருகேசன்: இருக்கிறது. 1961ல் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்ததை 1972ல் பிரான்ஸ் அமெரிக்க விமானப்படைக்குக் கொடுத்தது. அமெரிக்காவின் டோவர் விமானப்படைத் தளத்தில் தன்னார்வலர்கள் பத்தாண்டு உழைத்து, 1988ல் ஓஹாயோ அருங்காட்சியகத்துக்குப் பறக்கவைத்தே கொண்டுபோனார்கள். பெரிய உழைப்பு. ஆனால் பழைய போர்க்கோலத்துக்கே மாற்றிவிட்டார்கள். சண்டை போட்டது சில மாதம், ஆளும் சரக்கும் கேமராவும் சுமந்தது பதினைந்து வருடத்துக்கு மேல். அந்த முகம் அதில் தெரியவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

கதிர்: மாமா, மூக்குத் துப்பாக்கியைக் கழற்றிவிட்டேன். பசை காயவில்லை, சுலபமாக வந்துவிட்டது.

செல்வி: அண்ணா, வெள்ளி நிற பெயிண்ட் வாங்க வேண்டுமாம்.

கதிர்: பயணிகளுக்கு ஜன்னல் எங்கே வெட்டினார்கள்? படம் இருந்தால் அனுப்புங்கள் மாமா.