ஏலக்காய் வாங்க மேலே ஏறணுமா, வாட்ஸ்அப் போதுமா?

கம்பம்_கடை:
கம்பத்தில் சின்ன அளவில் ஏலக்காய் வியாபாரம், ஸ்பைசஸ் போர்டு டீலர் லைசென்ஸ் இருக்கு. மேலே கேரள மலையில் நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கம் நாலைந்து ஸ்டோர்களில் (பறித்த காயை உலர்த்துகிற இடம்) நேரடியாக வாங்குகிறேன். கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி இறங்கினால் ஒரு பகல் போயிடுது, வண்டிச் செலவு தனி. இப்போ தோட்டக்காரங்களே போட்டோ அனுப்பி விலை கேட்கிறாங்க. போனிலேயே பேசி முடிச்சு, லோடை மட்டும் இறக்கிக்கலாமா? எதுக்கு நேரில் போயே ஆகணும், எதுக்கு வேண்டாம்?

ஸ்டோர்_கைகாரர்:
ஏலக்காயை ஏலம் விடுவது கம்ப்யூட்டருக்கு மாறியும், புத்தடி, போடி ஏல மையங்களில் டீலர்கள் சேம்பிளைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தி விலை கேட்கிறாங்க. காரணம், காயில் காசாகிற விஷயம் பாதி போட்டோவில் வராது.

நிறத்தையே எடுத்துக்குங்க. போன் கேமரா பச்சையைத் தானாகவே தூக்கிக் காட்டும். எல்.இ.டி. பல்புக்குக் கீழே எடுத்தால் வெளுத்த காய்கூட புதுக்காய் மாதிரி தெரியும். ஈரம் தெரியாது. புகைவாடை தெரியவே தெரியாது. விறகு ஸ்டோரில் புகைக்குழாய் எங்காவது விட்டிருந்தால் அறை முழுக்கப் புகை இறங்கும், அந்தக் காயை ஏற்றுமதிக்காரன் மூக்கில் வைத்ததுமே தள்ளிவிடுவான்.

நேரில் போனால் சாக்கின் வாயில் இருக்கிற காயைப் பார்த்துவிட்டு வந்துடாதீங்க. முழங்கை வரை கையை விட்டு நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் அள்ளணும். ஒரு லிட்டர் படியில் தட்டாமல் குலுக்காமல் கொட்டி, மட்டப்பலகையால் வழித்து எடை போடுங்க. தட்டினால் காய் நெருங்கி எடை கூடிடும், அப்புறம் அந்தக் கணக்கு உதவாது. அக்மார்க் (அரசுத் தர முத்திரை) கணக்கில் 7 மி.மீ. காய்க்கு லிட்டர் வெயிட் 435 கிராம், 6 மி.மீ.க்கு 415. ரொம்பக் குறைஞ்சா பொக்கும் (உள்ளே விதை இல்லாத காய்) இளங்காயும் கலந்திருக்கு. அப்புறம் 20 காயை உடைச்சுப் பாருங்க. அரி (உள்ளே இருக்கிற விதை) கறுத்து, ஒட்டுப்பசையோட இருக்கணும். வெளுத்த அரி எத்தனை காயில் வருதுன்னு அவர் கண்ணெதிரே எண்ணிட்டு விலை பேசினால் வாதமே வராது. சாயம் சந்தேகம் இருந்தால் கிளாஸில் வெந்நீர் கேட்டு நாலு காயைப் போடுங்க, பச்சை கரைஞ்சு இறங்கினால் எழுந்து வந்துடலாம்.

ஈரக் கணக்கு ஒன்று. 13 சதவீத ஈரத்தில் 100 கிலோ வாங்கி, உங்க குடோனில் 10 சதவீதத்துக்கு வந்தால் மிச்சம் 96.7 கிலோதான். கிலோ 2,500 என்று வைத்தால் 8,000 ரூபாய்க்கு மேல் காற்றில் போச்சு. ஒரு தடவை மேலே போய்வர அவ்வளவு ஆகாது.

மெட்டு_ரோடு:
அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் நேரில் போவதிலும் ஒரு கெடுதல் இருக்கு. டீசல் போட்டு ஏறிட்டோமே, வெறுங்கையோட இறங்கணுமான்னு மனசு இளகும். கிலோவுக்கு 50 ரூபாய் அங்கேதான் கூடுது. அதனால் கம்பத்திலிருந்து கிளம்பும்போதே அன்றைய ஏலச் சராசரியைப் பார்த்து, இதுக்கு மேல் ஒரு ரூபாய் இல்லைன்னு ஒரு எண்ணை எழுதிட்டுப் போங்க. இன்னும் 20 சேர்த்தால் முடியும்னு தோன்றினால் இறங்கி வந்து போனில் சேருங்க, ஓடிடாது.

எப்போ போகணும்கறதும் முக்கியம். ஞாயிறு காலை பாதிப் பேர் பள்ளியில் (நம்ம சர்ச்தான்) இருப்பாங்க. அவங்க காய் ஏலத்துக்குப் போகிற நாளில் முதலாளி புத்தடியில் இருப்பார். ஒரு எடுப்பு (ஒரு சுற்றுக் காய் பறிப்பு) முடிஞ்சு, காய் உலர்ந்து, தரம் பிரிக்கிறதுக்கு முன்னாடி போறதுதான் உத்தமம். சல்லடையில் நிற்காமல் விழுகிற சின்னக் காய் எவ்வளவுன்னு அப்போ கண்ணிலேயே படும். ஓணத்துக்கு முந்தின வாரங்களில் அவங்களுக்குப் பணம் தேவைப்படும், பேச்சு சீக்கிரம் முடியும். அதுக்காக அடிமாட்டு விலை கேட்டால் அடுத்த எடுப்புக்கு உங்க போனை எடுக்க மாட்டாங்க.

போனதும் விலையை எடுக்காதீங்க. கட்டன் சாயா வரும், குடிங்க. மழை எப்படி, அழுகல் எப்படி, த்ரிப்ஸ் பூச்சி போட்ட சொறி எவ்வளவுன்னு பேச்சு போகட்டும், அதிலேயே அடுத்த எடுப்பு எவ்வளவு வரும்னு தெரிஞ்சுடும். காயில் குறை சொல்லணும்னா வேலையாள் முன்னால் வேண்டாம், சேட்டனை (முதலாளியை) தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. ஸ்டோரில் தீ போடுகிறவர் பெரும்பாலும் நம்ம ஊர்க்காரராத்தான் இருப்பார். எத்தனை மணி நேரம் உலர்த்தினாங்க, நடுவில் கரண்ட் போச்சா என்பதெல்லாம் முதலாளியைவிட அவருக்குத் தெரியும். மரியாதையா கேட்டால் சொல்வார், காசு நீட்டினால் அவருக்கும் வினை, உங்களுக்கும் வினை.

தேனி_ஆடிட்டிங்:
நேரில் பேசுங்க, ஆனால் பேச்சோட விட்டுடாதீங்க. மெட்டு இறங்குவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: எத்தனை கிலோ, என்ன தரம், லிட்டர் வெயிட், விலை, ஏற்றுகூலி யார் தலையில், பணம் எந்தத் தேதிக்குள். அவரிடமிருந்து 'சரி' என்று பதில் வரணும், நீல டிக் கணக்கில் சேராது. தானாக அழியும் செய்தி அமைப்பை அணைச்சு வைங்க. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடப்பில் இருக்கு, அதன் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் சேர்க்கணும். அதனால் அந்தப் போனையும் பத்திரமா வைங்க.

இன்னொன்று, நேரில் போனால் ரொக்கம் கேட்பாங்க. ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதுக்கு மேலோ ரொக்கமா வாங்குகிறவருக்கு வருமான வரிச் சட்டத்தில் அபராதம் இருக்கு. அது உங்களுக்கு இல்லை, அவருக்குத்தான். இதை அவரிடம் நேரிலேயே பக்குவமா சொல்லிட்டால் வங்கி வழிக்கு வந்துடுவார். மாநிலம் தாண்டுகிற சரக்கு, 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் வேணும்.

கம்பம்_கடை:
நன்றி. ஒரே ஒரு சந்தேகம். லோடு இறங்கின பிறகு காய் வேறயா இருந்தால்? அதுக்கும் ஏறணுமா, போனில் பேசினால் ஆகாதா?

ஸ்டோர்_கைகாரர்:
அதுக்குக் கட்டாயம் ஏறணும். குறையைப் போனில் சொன்னால் 'ஏமாத்திட்டே'ன்னுதான் அவர் காதில் விழும். வாய்ஸ் மெசேஜ் இன்னும் மோசம், அதை நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவாங்க. காயைக் கையில் கொடுத்து, அதே படியில் அவரையே அளக்கச் சொல்லுங்க.

அதுக்கு வாங்கும்போதே ஒரு ஏற்பாடு வேணும். அரைக் கிலோ வீதம் மூணு சேம்பிள் எடுத்து, கறுப்பு பாலிதீன் பையில் காற்று புகாமல் கட்டி, மேலே தேதியும் ரெண்டு பேர் கையெழுத்தும் போட்டு, ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம், ஒன்று நடுவில் நிற்கிற புரோக்கரிடம். வெளிச்சம் பட்டால் பச்சை போயிடும், அதனால்தான் கறுப்புப் பை. வண்டியில் ஏற்றும்போது சாக்கு வாயைத் தைச்சு, எண்ணும் போட்டுடுங்க. தராசுக்கு நம்பிக்கை வேணும்னா முத்திரை வைத்த 5 கிலோ படிக்கல் ஒன்று வண்டியில் கிடக்கட்டும்.

ரெண்டு, மூணு எடுப்பு இப்படிச் சரியா வந்த ஸ்டோருக்கு மட்டும் அப்புறம் போன் போதும். அப்பவும் வீடியோ கால்தான், அதுவும் பகலில், முற்றத்து நிழலில் வெள்ளைத் துணி மேல் காயைக் கொட்டி, லிட்டர் படியை எடை மெஷினோட சேர்த்துக் காட்டச் சொல்லுங்க. புது ஸ்டோர், ஈரம் நிற்கிற மழைக்காலத்துக் காய், கடன் கேட்கிற பேச்சு, இந்த மூணுக்கும் ஏறித்தான் ஆகணும்.

மெட்டு_ரோடு:
படிக்கல்லை வெளியே எடுக்கும்போது 'உங்க தராசைச் சோதிக்கிறேன்'னு சொல்லாதீங்க. 'நம்ம கடைத் தராசு காட்டுறதும் இதுவும் ஒத்துப் போகுதான்னு பார்த்துக்கறேன்'னு சொல்லுங்க, அவரே எடுத்து வைப்பார்.