புதுப்பிப்பு: அந்தப் பழைய தையல் மெஷின் எது என்று தெரிந்துவிட்டது

பெயர் அழிந்த மெஷின் ஒன்று கிடைத்திருக்கிறது, சிங்கரா நகலா என்று முன்பு கேட்டிருந்தேன். சிங்கரேதான்! தையல் எண்ணெய் தொட்ட துணியால் பிசுக்கைத் துடைத்ததும் வலது மூலையில் எஃப் எழுத்தோடு சீரியல் நம்பர் தெரிந்தது. எஃப் என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை. 1900க்கு முன் வெறும் எண்தான், எழுத்து இருக்காது.

மாடலைக் காட்டிக்கொடுத்தது ஷட்டில், அதாவது அடிநூலைக் கொண்டு ஓடும் பாகம். முன்தகட்டை நகர்த்தினால் தோட்டா மாதிரி நீளமாக ஒன்று, உள்ளே அடிநூல் சுற்றிய, குச்சிபோல மெல்லிய பாபின். அப்படியென்றால் சிங்கரின் 27 அல்லது 127ஆம் மாடல். 127இல் இருக்கும், ஷட்டிலைத் தூக்கிவிடும் பட்டன் இதில் இல்லை; ஆக 27. (28, 128 மாடல்களிலும் இதே மாதிரி ஷட்டில்தான், ஆனால் அவை உருவத்தில் சின்னவை.)

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு, ஸ்பிரிட் பட்டால் தங்கப் பூவேலையோடு கரைந்துவிடும். இனி பெல்ட் மாற்ற வேண்டியதுதான் பாக்கி.