கிவ்அவே வீடியோக்கள்: பிள்ளைகள் பார்க்கலாமா, கூடாதா?

நித்திலம்: மகளுக்குப் பத்து வயது. கைவினை வீடியோக்கள் பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது கிவ்அவே, அதாவது பார்ப்பவர்களுக்குப் பரிசு தருவதாகச் சொல்லும் யூடியூப் வீடியோக்களுக்குத் தாவிவிட்டாள். "லைக் போடுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க, உங்க பேரை கமென்ட்ல எழுதுங்க, ஒருத்தருக்கு டேப்லெட்" என்கிற ரகம். எல்லாமே ஏமாற்று என்று தள்ளவும் மனம் வரவில்லை, சிலர் உண்மையாகவே கொடுக்கிறார்கள் போல. இது பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று நீங்களெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

ஓடைக்கரை: முடிவு செய்ய என்ன இருக்கிறது, ஆகாது. ஏமாற்றா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். நேர்மையாக நடக்கிற கிவ்அவேயிலும் பிள்ளை பழகுவது ஒன்றைத்தான்: இந்த முறை விழவில்லை, அடுத்த முறை விழலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் பறவை விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சூதாட்ட இயந்திரமும் அந்த விதியில்தான் ஓடுகிறது.

மூங்கில்காடு: சகோ, கொஞ்சம் பொறுங்கள். நான் ஓவியம் சொல்லித்தரும் சின்ன சேனல் ஒன்று நடத்துகிறேன். எப்போதாவது ஒரு வண்ணப் பெட்டி பரிசாகக் கொடுப்பதுண்டு. சூதாட்டத்தில் காசு கட்ட வேண்டும். யூடியூபின் போட்டி விதிப்படி கலந்துகொள்ளக் கட்டணமே வாங்கக் கூடாது. அதோடு, போட்டி விதிகளை எழுதி வைக்க வேண்டும், யூடியூப் இதை நடத்தவில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், வாங்குகிற விவரங்களை என்ன செய்வோம் என்றும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவனையும் சூதாடி என்றால் எப்படி?

ஓடைக்கரை: காசு கட்டவில்லைதான். நேரமும் பெயரும் சப்ஸ்கிரைப்பும் கொடுக்கிறார்கள். உங்கள் சேனலுக்கு அது காசு இல்லையா?

மூங்கில்காடு: காசுதான், மறுக்கவில்லை. விளம்பரம் பார்க்காமல் எந்தப் பிள்ளை வளர்கிறது இந்தக் காலத்தில்?

ஓடைக்கரை: விளம்பரம் என்று தெரிந்து பார்ப்பது வேறு. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விளம்பரம் தங்களை வாங்க வைக்கத்தான் பேசுகிறது என்பதே பிடிபடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-லேயே சொல்லிவிட்டது. அப்போது டிவி விளம்பரம். நிகழ்ச்சி வேறு, விளம்பரம் வேறு என்று கொஞ்சமாவது கோடு இருந்தது. கிவ்அவேயில் நிகழ்ச்சியே விளம்பரம்தானே.

மூங்கில்காடு: அவர் மகளுக்குப் பத்து வயது, எட்டு இல்லை.

சாவிக்கொத்து: பரிசு நிஜமா பொய்யா என்பதிலேயே இருவரும் நிற்கிறீர்கள். அந்த வீடியோ பிள்ளையிடம் என்ன கேட்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்ததாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், கூகுளும் யூடியூபும் 2019-ல் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் விளைவாக 2020 ஜனவரியிலிருந்து, ஒரு வீடியோ குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்டால் அதில் கமென்ட் பகுதியே இருக்காது. புது வீடியோ வந்தால் தெரிவிக்கும் பெல் ஐகான் வேலை செய்யாது. பார்ப்பவரின் பழக்கத்தை வைத்து விளம்பரமும் காட்ட முடியாது. இப்போது "பேரை கமென்ட்ல எழுதுங்க, பெல்லை அமுக்குங்க" என்கிற வீடியோவைப் பாருங்கள். அந்த வீடியோ குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்படவில்லை என்று அங்கேயே தெரிகிறது. ஆனால் பொம்மையைக் காட்டி, குழந்தை மாதிரி கீச்சுக் குரலில் பேசி, பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார் அதை நடத்துகிறவர். எனக்கு அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை, மூடிவிடுவேன்.

மூங்கில்காடு: இது எல்லாருக்கும் பொருந்தாது. என் வீடியோவைப் பார்ப்பவர்களில் பெரியவர்களே அதிகம். பொதுப் பார்வையாளருக்கான சேனலில் கமென்ட் இருப்பது தவறே இல்லை.

சாவிக்கொத்து: தவறு என்று நான் சொல்லவில்லையே. பெரியவர்களுக்கான போட்டியென்றால் பெரியவர்கள் கலந்துகொள்ளட்டும். பிள்ளைக்கு ஆசையிருந்தால் அம்மா தன் பெயரில் போடட்டும். பரிசு விழுந்தால் முகவரி கேட்பார்கள், அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று அம்மா முடிவு செய்யட்டும்.

நித்திலம்: சாவிக்கொத்து சொன்னதை வைத்து இன்று அவளோடு உட்கார்ந்து ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்தேன். பரிசுப் பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறார், பிரிக்கிறார், "கடைசி வரை பாருங்க, ரகசிய வார்த்தை சொல்வேன்" என்கிறார். நடுவில் ஒரு செயலியைப் பற்றி நீண்ட பாராட்டு. கடைசித் தேதி எங்கேயும் இல்லை. டிஸ்கிரிப்ஷனில் விதிகளும் இல்லை, இரண்டு லிங்க் மட்டும் இருந்தன. போன போட்டியில் யாருக்குக் கிடைத்தது என்று தேடினேன், அந்த சேனலில் அறிவிப்பே காணோம்.

மூங்கில்காடு: இப்படி நடத்துகிறவர்களால்தான் எங்களுக்கும் கெட்ட பெயர். கடைசித் தேதி இல்லாவிட்டால் அந்தப் போட்டி முடியவே முடியாது, யாருக்கும் கொடுக்கவும் வேண்டியதில்லை.

தட்டான்: கமென்ட் போட்டதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். சேனலின் படத்தையும் பெயரையும் அப்படியே ஒட்டிய போலிக் கணக்கிலிருந்து, "வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், டெலிகிராமில் வாருங்கள்" என்று பதில் வரும். போனால் அனுப்புவதற்குக் கட்டணம் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஓடிபி. இந்தத் தொல்லை முற்றித்தான் 2022-ல் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை மறைக்கும் வசதியையே யூடியூப் எடுத்துவிட்டது. எண்ணிக்கை தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் போலிகள் அதற்குள்தான் ஒளிந்துகொண்டிருந்தார்கள். சேனல் நடத்துகிறவர் யோக்கியராக இருந்தாலும் அவர் கமென்ட் பகுதியில் இது நடக்கும்.

ஓடைக்கரை: கேட்டீர்களா? பெரியவர்களே ஏமாறுகிற இடம் இது. பரிசளிப்பு வீடியோக்களுக்கே பேர்போன யூடியூபர் மிஸ்டர்பீஸ்ட்டின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து, 2 டாலருக்கு ஐபோன் என்று 2023-ல் டிக்டாக்கில் விளம்பரம் ஓடியது. அவரே வெளியே வந்து "அது நான் இல்லை" என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. பத்து வயதுப் பிள்ளை அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? அதனால்தான் மொத்தமாக மூடச் சொல்கிறேன்.

தட்டான்: மூடினால் நண்பர்கள் வீட்டில் பார்க்கும். அப்போது பக்கத்தில் நாம் இருக்க மாட்டோம். "பரிசு வேண்டுமென்றால் காசு அனுப்பு" என்று யார் சொன்னாலும் பொய், ஓடிபி யாருக்கும் சொல்லாதே என்பதாவது அதற்குத் தெரிந்திருக்கட்டும்.

ஓடைக்கரை: அதைச் சொல்லித்தர வீடியோவைக் காட்ட வேண்டியதில்லை, வாயால் சொன்னால் போதும். நான் மாறப்போவதில்லை.

சாவிக்கொத்து: மாற வேண்டாம், உங்கள் வீடு உங்கள் முடிவு. நித்திலம், ஒன்று கேட்க விட்டுப்போனது. அவள் பார்ப்பது யார் கணக்கில்? உங்களுடையதென்றால், அதில் அவள் இதுவரை எழுதிய கமென்ட் எல்லாவற்றையும் பார்த்தீர்களா? வரலாற்றுப் பக்கத்தில் கமென்ட்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கும். அங்கிருந்தே அழிக்கலாம்.

நித்திலம்: என் கணக்குதான். இப்போதுதான் திறந்து பார்த்தேன். பெயர் மட்டும் இல்லை, ஒன்றில் பள்ளியின் பெயரும் வகுப்பும், இன்னொன்றில் பிறந்தநாள். "எனக்குப் பிறந்தநாள் வருகிறது, ப்ளீஸ் எனக்கே கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று கேட்டாள், சொன்னேன். அது பரவாயில்லை என்றாள், ஆனால் சப்ஸ்கிரைப் பட்டியலில் கை வைக்க விடமாட்டேன் என்கிறாள். நாளைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதாக ஒப்பந்தம்.