ஏ லெவலில் மூன்றாவது பாடமாகத் திரைப்படக் கல்வி எடுக்கலாமா?

கேள்வி (லண்டன் ஹரோவிலிருந்து ஒரு தாய்):
வணக்கம். என் மகள் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டு ஆண்டு ஏ லெவல் படிப்புக்கு இரசாயனவியல், உயிரியல், கணிதம் ஆகிய மூன்றையும் எடுப்பாள் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தோம்; இப்போது கணிதத்தை விட்டுத் திரைப்படக் கல்வி எடுக்கப்போவதாகச் சொல்கிறாள். ஃபார்மசி படிக்கும் எண்ணமும் அவளுக்கு இன்னும் இருக்கிறது. "படம் பார்ப்பதற்கு ஒரு பாடமா?" என்று அவளுடைய அப்பா கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சே குறைந்துவிட்டது. அங்கே உண்மையில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (ஆசிரியர்):
அக்கா, நான் இந்தப் பாடத்தைத்தான் படிப்பிக்கிறேன். எங்கள் கல்லூரி எடுகாஸ் என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. 1930க்கும் 1990க்கும் இடைப்பட்ட ஹாலிவுட் படங்களில் தொடங்கி, அண்மைக்கால அமெரிக்க, பிரித்தானியப் படங்கள், பிற நாட்டுப் படங்கள், ஆவணப்படம், மௌனப்படம், பரிசோதனைப்படம் என இரண்டு ஆண்டுகளில் 11 படங்களை ஆழமாகப் படிக்க வேண்டும். இரண்டரை மணி நேர வினாத்தாள்கள் இரண்டுக்கும் 70 சதவீதம். மிகுதி 30 சதவீதம் மாணவர் தாமே எடுக்கும் குறும்படத்துக்கோ எழுதும் திரைக்கதைக்கோ உரியது.

முதல் வாரங்களில் ஒரு குடும்பம் இரவுணவு உண்ணும் இரண்டு நிமிடக் காட்சியைச் சத்தமில்லாமல் ஒருமுறையும், திரையை மறைத்துச் சத்தத்தை மட்டும் ஒருமுறையும் போடுவேன். தகப்பன் பேச்சை நிறுத்திய பிறகுதான் முள்ளுக்கரண்டி தட்டில் உரசும் சத்தம் பெரிதாகக் கேட்கிறது என்று, அதுவரை வாய் திறக்காதிருந்த ஒரு மாணவி கண்டுபிடித்தாள். அந்த ஒரு சத்தத்தைப் பற்றி அவள் ஒரு பக்கம் எழுதினாள். இந்தப் பாடம் கேட்பது அதைத்தான்: கூர்ந்து பார்ப்பதும், பார்த்ததைக் கட்டுரையாக நிறுவுவதும். உங்கள் மகளுக்கு எழுதப் பிடிக்காதென்றால், படங்களில் எவ்வளவு ஆசை இருந்தாலும் சிரமப்படுவாள்.

பதில் 2 (முன்னாள் மாணவன்):
அன்ரி, நான் இரசாயனவியல், கணிதத்தோடு இதைப் படித்தேன். அம்மம்மாவின் குசினியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் படம் பிடித்து, அதை ஐந்து நிமிடத்துக்குள் வெட்டிச் சுருக்க வேண்டியிருந்தது. தோசை புரட்டும் கையை எங்கே வெட்டி, அவரது முகத்துக்கு எப்போது போவது என்பதிலேயே இரண்டு இரவுகள் போயின. அந்த வாரங்களில் என் இரசாயனவியல் புள்ளிகள் இறங்கின என்பதை மறைக்க மாட்டேன். படப்பிடிப்பை முந்திய கோடை விடுமுறையிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

பதில் 3 (ஒரு தகப்பன்):
ஃபார்மசிக்குப் பெரும்பாலும் இரசாயனவியலும், அதோடு உயிரியல், கணிதம், பௌதிகவியல் ஆகியவற்றில் ஒன்றும் கேட்பார்கள். அந்த வகையில் உங்கள் மகளுக்குத் தடையில்லை. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் கணக்கில் எந்தப் பாடத்தில் எடுத்தாலும் ஏ தரத்துக்கு 48 புள்ளிகள்தான். ஆனாலும் அவள் விரும்பும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தகைமையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எனக்கு உள்ள கவலை திரைப்படக் கல்வியைப் பற்றியதல்ல, கணிதத்தை விடுவதைப் பற்றியது. பதினாறு வயதில் எடுத்த முடிவு மாறி, நாளைக்குப் பொறியியல் பக்கம் மனம் போனால் அந்த வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களை இன்றிரவு அவளுடைய அப்பாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். நான்கு பாடங்களோடு தொடங்கிப் பிறகு ஒன்றைக் கைவிட விடுவார்களா?

பதில் 1:
சில பாடசாலைகள் விடுகின்றன, அக்கா. பெறுபேறு வாங்கப் போகும் நாளிலேயே கேளுங்கள். நேர அட்டவணை போட்டுவிட்டால் மாற்றுவது கடினம்.