பொறியியல் மாணவிக்கு வாத்தியக் குழு எதற்கு?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்): மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலவிருக்கும் என் மகள், வயலினைக் கைவிடாமல் மாணவர் வாத்தியக் குழுவொன்றில் சேர விரும்புகிறாள், பாடச்சுமைக்கிடையே அதனால் பயன் உண்டா?

மறுமொழி: உண்டு, அக்கா. அறிவியலும் பொறியியலும் மருத்துவமுமே முதன்மையாகவுள்ள லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் மாணவர் சிம்பொனி இசைக்குழு இயங்குகிறது.

மறுமொழி: வாத்தியங்களையெல்லாம் 440 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 440 அதிர்வுகள்) என்ற பொதுச் சுருதிக்குக் கூட்டிய பின்னரும், அரங்கு சூடேறினால் ஒலியின் வேகம் கூடுவதால் புல்லாங்குழலின் சுருதி ஏறும், வயலின் தந்தியோ தளர்ந்து இறங்கும், இரண்டையும் காதால் இணைக்கப் பழகுவது, விரிவுரை மண்டபத்தில் எளிதில் வாய்க்காத அலையியல் பயிற்சி. (கொழும்பு வெக்கையில் அதற்குக் குறைவேயில்லை.)

மறுமொழி: பரீட்சைக் காலத்தில் ஒத்திகைக்கு விடுப்பு உண்டா என்பதைச் சேருமுன்னரே கேட்கச் சொல்லுங்கள், நான் கேட்காமல் சேர்ந்து, ஒரு பாடத்தை மீண்டும் எழுதினேன்.