ஸ்விட்ச் 2 எடுத்து வைக்கலாமா? விற்றுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பெங்களூரு அல்சூரில் சின்னதாக கேம் கடை வைத்திருக்கிறேன், நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கேம் கன்சோல் பத்துப் பெட்டி வாங்கிப் போடலாமா என்று ஒரு வாரமாக யோசனை. 2025 ஜூன் 5 அன்று வெளிவந்து நாலே நாளில் 35 லட்சம் விற்றது, ஆனால் அது உலகக் கணக்கு. முந்தைய ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியதை வைத்தும் முடிவெடுக்க முடியவில்லை, ஏனென்றால் நிண்டெண்டோவின் பழைய கன்சோல் வீ (Wii) 10 கோடி விற்ற பிறகு வந்த வீ யு (Wii U) 1.35 கோடியோடு நின்றுவிட்டது. நேற்று ஒரு கல்லூரிப் பையன் பழைய ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கிலிருந்து உருவி, நின்றபடியே மரியோ கார்ட் ஆடிவிட்டு, புதியதின் விலை கேட்டதும் மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டுப் போனான், ஆசை இருக்கிறது, பணம்தான் இடிக்கிறது. அப்புறம் இறக்குமதிப் பெட்டி பழுதானால் வாரண்டிக்கு எங்கே போவது? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த நம்ம ஊர் எஸ்.பி. ரோட்டிலோ மும்பை லேமிங்டன் ரோட்டிலோ விற்பவர்கள் மாதம் எத்தனை போகிறது என்று சொன்னால் பெரிய உதவி.